இன்னும் வாங்காதவர்

அறுபதினாயிரம் ரூபாய் விலையுள்ள மடிக்கணினியை மாப்பிள்ளை சொன்ன ஒரே வார்த்தையை நம்பிக் கால் மணி நேரத்தில் வாங்கி வந்துவிட்டு, அதனோடு உபயோகிப்பதற்கு எழுநூறு ரூபாயில் ஒரு வயர்லெஸ் மவுஸைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு ஆடி மாதத்தில் தொடங்கிய விசாரணையைத் தை பிறந்த பிறகும் முடிக்காமல் இருக்கிற மனிதர் ஒருவரையாவது அறியாத குடும்பம் சென்னைப் பட்டணத்தில் அநேகமாக இராது. அவரைப் பரிசீலகர் என்று அழைப்போம். கஞ்சர் என்று அழைப்பது அபாண்டம். பணத்தைப் பற்றி அவருக்கு லவலேசமும் கவலை கிடையாது. சோம்பேறி என்பது அதைவிடப் பெரிய அபாண்டம். இந்த மவுஸின் நிமித்தம் அவர் பஸ் ஏறி இறங்கியதையும், நள்ளிரவு வரை கண்விழித்து வாசித்ததையும், நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டதையும் பார்த்தவர்கள், இத்தனை பிரயாசையை இவர் வேறு எதில் செலுத்தியிருந்தாலும் ஒரு பட்டமாவது வாங்கியிருப்பார் என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சிரத்தை அவருக்குப் பரம்பரையாக வந்தது. அவருடைய தகப்பனார் கொத்தவால் சாவடியில் ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்து, ஒடிந்த சத்தம் காதுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டுமே தராசுத் தட்டில் போடுகிறவர் என்றும், அவர் வருவதைத் தூரத்திலேயே கண்டுகொண்ட வியாபாரிகள் கூடையைச் சாக்குத் துணியால் மூடிவிடுவார்கள் என்றும் அந்தக் குடும்பத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். 1996-இல் சாவடியின் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. குணம் கோயம்பேட்டுக்குப் போகவில்லை. ஒரு தலைமுறை இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போயிற்று.

பரிசீலகரை நீங்கள் வீட்டுக்கு அழைத்தீர்களானால், கூடத்து மேஜைமேல் உங்கள் மவுஸ் கண்ணில் படாதபடி முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுவது உத்தமம். கண்ணில் பட்டுவிட்டால், நீங்கள் நீட்டுகிற காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதை எடுத்து மல்லாக்கப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வயிற்றுப்புறத்து ஸ்டிக்கரில் உள்ள பொடி எழுத்துக்களை ஒன்றுவிடாமல் வாசித்து, பாட்டரி மூடியைத் திறந்து மூடி, நடுச் சக்கரத்தைக் காதருகே வைத்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்து, பிறகு அதை இருந்த இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு, "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்பார். நீங்கள் ஆயிரம் என்றாலும் ஐந்நூறு என்றாலும், ஏன், யாரோ சும்மா கொடுத்தார்கள் என்றே சொன்னாலும், அவர் சிறிது நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம்... பரவாயில்லை" என்பார். அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த உங்கள் மவுஸ் அன்று மாலை முதல் உங்களுக்குச் சற்றுத் தடுமாறுவதாகத் தோன்றும்.

அவருக்குத் தெரிந்த விஷயங்களோ அபாரம். இந்த உபகரணத்தின் பூர்வோத்தரத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1964-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்ற இஞ்சினீயர் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்களையும் தலையில் ஒரே ஒரு பொத்தானையும் பொருத்தி முதல் மவுஸைச் செய்ததையும், அதை எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய சபையின் முன் இயக்கிக் காட்டியதையும், 1970 நவம்பர் 17-இல் காப்புரிமை கிடைத்தும், மவுஸ் வீடுதோறும் பரவுவதற்குள் உரிமைக் காலம் கழிந்து, அந்த மகானுபாவருக்கு ராயல்டி என்று ஒரு காசுகூட வராமற் போனதையும் அவர் சொல்லி முடிக்கையில், கேட்கிறவர்களுக்கும் நெஞ்சு இளகிவிடும். எனக்கு மட்டும் அந்தச் சமயத்தில் வேறொரு எண்ணம் ஓடும். உலகத்தில் மொத்தமே ஒரு மவுஸ்தான் இருந்த அந்தக் காலத்தில் நம் பரிசீலகர் அதை வாங்கப் போயிருந்தால், அந்தக் கட்டை தேக்கா, வேங்கையா என்று கேட்டு, "மழைக்காலம் போகட்டும், மரம் ஊறாமல் இருக்கிறதா பார்க்கலாம்" என்று சொல்லித் திரும்பி வந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை அவருடன் ரிச்சி தெருவுக்குப் போகும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வருகிற அந்தக் குறுகிய தெரு, ஒரு காலத்தில் ரேடியோ உதிரிப் பாகங்களுக்குப் பேர்போனதாக இருந்து, இன்று பிளக்கு முதல் கம்ப்யூட்டர் வரை எதைக் கேட்டாலும் 'இருக்கு' என்றோ, 'அஞ்சு நிமிஷத்துல வரும்' என்றோ பதில் கிடைக்கிற இடமாக விளங்குகிறது. பரிசீலகர் நுழைந்த கடையில் எங்களை வரவேற்ற பையன் அவரை முன்பே அறிந்தவன் போலும். மற்ற வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவன், இவரைக் கண்டதும் ஒரு டப்பா நிறைய மவுஸ்களைத் தூக்கி வந்து முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போனான்.

"தம்பி, இங்க வாப்பா. இதுல டிபிஐ எவ்வளவு?"

"ஆயிரம் சார். ஆயிரத்து அறுநூறு வரைக்கும் போற மாடலும் இருக்கு. நல்லா மூவ் ஆகுது சார், கம்ப்ளெயின்டே வர்றதில்ல."

டிபிஐ என்பது, மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளிகளாக அந்த நகர்வைக் கணக்கிடுகிறது என்பதன் அளவு. விளையாட்டுப் பிள்ளைகள் அதை ஆயிரக்கணக்கில் ஏற்றிக் கேட்பதற்கு ஏதோ நியாயம் இருக்கலாம். மின்சாரக் கட்டணம் கட்டவும் பேரனின் படங்களைப் பார்க்கவும் கணினியைத் திறக்கிற ஒரு கிருகஸ்தருக்கு ஆயிரமே தாராளம் என்பது என் அபிப்பிராயம். பரிசீலகர் ஆயிரத்து அறுநூறைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தபடியாக அதை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றார். கடையின் மேஜையோ கண்ணாடி போட்ட ஷோகேஸ். மவுஸ் அதன்மேல் அசைய மறுத்தது. பையன் சற்றும் சளைக்காமல் பில் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டு, "இதுல ஓட்டுங்க சார்" என்றான். மவுஸின் வயிற்றில் உள்ள சிறு கண் தனக்குக் கீழே உள்ள பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே தான் எந்தத் திசையில் எவ்வளவு போனோம் என்று நிர்ணயம் செய்கிறதாம். பளிங்கு போன்ற கண்ணாடியில் பிடித்துக்கொள்ள ஒரு கீறலோ சொரசொரப்போ இல்லாதபடியால் சாதாரண மவுஸ்களுக்கு அங்கே திக்குத் தெரிவதில்லை. பையனுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது; பில் புத்தகம் போட்டால் ஓடும் என்பது தெரியும். பரிசீலகருக்கு அது போதவில்லை. அவர் தம் துணிப்பையைத் திறந்து, சாப்பாட்டு மேஜை விரிப்பிலிருந்து கத்தரித்த ரெக்ஸின் துண்டு ஒன்று, அன்றைய தினசரி ஒன்று, மடித்த வேஷ்டி ஒன்று ஆகியவற்றை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின்மீதும் ஒவ்வொரு மவுஸையும் ஓட்டிப் பார்த்தார். வேஷ்டி எதற்கு என்று நான் மெல்லக் கேட்டேன். மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கென்று தயாரிக்கப்பட்ட கணினியை மடியிலேயே வைத்துப் பார்க்கவேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதன் பிறகுதான் அன்றைய சம்பாஷணையின் சிகரம்.

"தம்பி, இது ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்தானே? எங்க வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலையிலதான் ஓடுது. உள்ள ரசம் சுட வச்சா, இங்க ஸ்கிரீன்ல அம்பு தடுமாறுமா?"

கேள்வி அர்த்தமற்றதல்ல. மவுஸும், வைஃபையும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில்தான் குடித்தனம் நடத்துகின்றன. மூன்றாம் தலைமுறை யுஎஸ்பி சாதனங்களின் இரைச்சலும் அந்த வரிசையிலேயே வந்து விழுகிறது என்று இன்டெல் கம்பெனியார் 2012-இலேயே விளக்கியிருக்கிறார்கள். ஆனால் பையன் பதிலுக்காக முதலாளியைப் பார்த்தான். முதலாளி கணக்கிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"சார், ரசத்தை காஸ்ல சுட வச்சுக்குங்க சார்."

வேறு எவராக இருந்தாலும் அந்த இடத்தில் பணத்தை எடுத்து வைத்திருப்பார். பரிசீலகர் அடுத்த சந்தேகத்துக்குப் போனார். பொத்தான் ஒரு கோடி தடவை அழுத்தினாலும் தாங்கும் என்று டப்பாவின்மேல் போட்டிருந்ததை வாசித்து, நாளொன்றுக்கு ஐயாயிரம் தடவை அழுத்தினால் இரண்டாயிரம் நாள், அதாவது ஐந்தரை வருஷத்துக்குள் ஆயுள் தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டார். அப்படி ஓயாமல் அழுத்தும்படியாகப் பேரன் எத்தனை படத்துக்கு நிற்க வேண்டும் என்று நான் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன். இறுதியில், பில் போட்டால் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி உண்டா, பில்லில்லாமல் என்ன விலை, பில்லில்லாவிட்டால் வாரண்டிக்கு யாரைப் பிடிப்பது என்று சகலத்தையும் தெளிவாக்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் செருகி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார். கடையில் ஒருவருக்கும் ஆச்சரியம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் அம்மாள் காத்திருந்தார்.

"ஏங்க, இன்னிக்கும் வெறுங்கையாத்தானா? நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் பண்றதுக்கே மூணு வாரந்தான் ஆச்சு."

"அங்க பொருந்தி வந்தது ஒரே ஜாதகம். இங்க எல்லாமே பொருந்துதே, நான் என்ன பண்ணட்டும்?"

அம்மாள் பதில் சொல்லவில்லை. ஆனால் விஷயத்தின் மூலம் அந்தப் பதிலில் இருக்கிறதென்று எனக்குப் பட்டது. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர், சிங்கப்பூரில் சரித்திரப் பேராசிரியராக இருந்த நாளில் எழுதி 1957-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு கோடி பவுன் செலவாகும் அணு உலையை இரண்டரை நிமிஷத்தில் அங்கீகரித்துவிட்டு, முந்நூற்றைம்பது பவுனில் போடுகிற சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதாடுகிற ஒரு கமிட்டியை வருணிக்கிறார். அணு உலை எவருக்கும் விளங்காது. கொட்டகை எல்லோருக்கும் விளங்கும். நம் பரிசீலகர் ஒருவராகவே அந்தக் கமிட்டி முழுவதும் ஆகிறார். மடிக்கணினிக்குள் இருப்பது அவருக்குப் புரியாத சமுத்திரமானபடியால் மாப்பிள்ளையை நம்பினார். மவுஸ் உள்ளங்கையில் அடங்குகிற, கடைசித் திருகாணி வரை புரிந்துகொள்ளக்கூடிய பொருள். அப்படிப்பட்ட ஒன்று ஒரு மனிதனுக்கு இந்தக் காலத்தில் எத்தனை கிடைக்கும்? கிடைத்ததை எழுநூறு ரூபாய் கொடுத்து முடித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. அவர் வேண்டுவது மவுஸ் அல்ல, தேர்வு; வாங்கினால் தேர்வு தீர்ந்துபோகும்.

அவருடைய ஞானம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் புது மவுஸ் வாங்குகிறவர்களெல்லாம் அவரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் சிறிய சி-டைப் துவாரம் மட்டுமே இருக்க, மவுஸோடு வருகிற டாங்கிள் பெரும்பாலும் பழைய அகலத் துவாரத்துக்கு உரியதாக இருப்பதால், கணினியின் விலாவை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகவேண்டும் என்பதும், அந்த டாங்கிளைப் பத்திரப்படுத்த மவுஸின் வயிற்றில் ஒரு பொந்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதும், துவாரமே மிச்சமில்லாதவர்கள் புளூடூத் மவுஸாக வாங்கவேண்டும் என்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக, மவுஸைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதும் அவர் எங்களுக்கு அளித்த உபதேசங்கள், நான்கும் பொன்னானவை. கேட்டவர்கள் அன்றே போய் வாங்கி வந்துவிடுகிறார்கள். உபதேசித்தவர் மட்டும் இன்றுவரை மடிக்கணினியின் டச்பேடை ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ரிச்சி தெரு முதலாளியும் விஷயம் தெரிந்தவர். சனிக்கிழமைகளில் பரிசீலகருக்கென்று ஷோகேஸ் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு, டீயும் வரவழைத்துக் கொடுத்துவிடுகிறார். சந்தேகத்தோடு வருகிற வாடிக்கைக்காரர்களைப் பையன் அந்த ஸ்டூலுக்கு அனுப்புகிறான். பரிசீலகர் அவர்களுக்கு டிபிஐயும் அலைவரிசையும் விளக்கி முடிப்பதற்குள், அவர்கள் மேற்கொண்டு கேட்கத் திராணியற்றுக் கையில் இருப்பதையே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போன தீபாவளிக்கு முதலாளி இந்த உபகாரத்தை நினைத்து ஒரு நல்ல மவுஸை இனாமாகவே கொடுத்தாராம். பரிசீலகர் அதைப் புரட்டிப் பார்த்து, "ம்... பரவாயில்லை" என்று சொல்லி வாங்கி வந்து, மறுநாள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதைத்தான் உபயோகிக்கிறார். பாட்டரிகூட இன்னும் மாற்றவில்லையாம்.

வாசகர்களில் எவருக்கேனும் மவுஸ் வாங்குகிற உத்தேசம் இருந்தால், சனிக்கிழமை காலையிலேயே ரிச்சி தெருவுக்குப் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை பிற்பகலிலோ, அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.