இந்தப் போகம் ஓடட்டும்

காலை ஆறு மணிக்கு மாமா கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டுவார். தட்டிவிட்டுக் குளிக்கப் போவார். குடமுருட்டியில் தண்ணீர் ஓடினால் ஆறு, ஓடாவிட்டால் போர் பம்ப். திரும்பி வந்து திருநீறு பூசி, அத்தை கையால் காப்பி வாங்கி, பேப்பரில் தலைப்புச் செய்தியில் தொடங்கி மேட்டூர் அணை நீர்மட்டம் வரைக்கும் வரி விடாமல் படித்துவிட்டு மேஜைக்கு வந்தால், திரையில் நான்கு வண்ணப் பொட்டுகள் அப்போதுதான் ஒன்றுசேர்ந்து கொடியாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

"எந்திரிச்சுக்கிட்டிருக்கு" என்பார் மாமா, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

டெல்டாவில் ஊருக்கு நாலு பேராவது மாமாவைப்போல இருப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கர், வருவாய்த்துறையில் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன் ஒரு பக்கம், பத்து மா நிலம் ஒரு பக்கம். இவர்கள் வீட்டுக்குள் ஒரு சாமான் போனால் பிறகு வெளியே வராது. பம்புசெட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவார்கள். மறுபடி எரிந்தால் மறுபடி கட்டுவார்கள். நாலு தடவை காயில் கட்டிய மோட்டாரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பெருமிதம் வரும். நாலு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் குரல் அது. ஆகவே எந்த மெக்கானிக்காவது "இது இனிமே தேறாதுங்க" என்றால், இவர்கள் காதில் "எனக்கு வேலை தெரியாதுங்க" என்றுதான் விழும்.

எதையாவது மாற்றச் சொன்னால் இவர்களிடம் ஒரே பதில்தான். "இந்தப் போகம் ஓடட்டும், பாத்துக்கலாம்."

மாமா தமிழய்யாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் வாங்கியது 2011 பொங்கல் கழிந்து, சம்பா நெல் போட்ட காசில். மகள் பிளஸ் டூ முடித்து சிவில் இன்ஜினீயரிங் சேரப்போகிறாள். வீட்டில் ஒன்று இருக்கட்டுமே என்று. 24 ஆயிரம் ரூபாய். தஞ்சாவூரிலிருந்து வாடகைக் காரில், வழியெல்லாம் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பையன் கோபுரப் படம் போட்ட மடிக்கணினியோடு வந்து இறங்கினான். மாமா அதை இன்னும் மறக்கவில்லை. ஏழு மாதம் பொறுத்திருந்தால் 24 ஆயிரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. எதிர்வீட்டுப் பையன் படித்தது அரசுப் பள்ளியில், தன் மகள் படித்தது தனியார் பள்ளியில், பொறுத்திருந்தாலும் கிடைத்திருக்காது என்று யாராவது சொன்னால் பேச்சை உரம் பக்கம் திருப்பிவிடுவார். அவசரப்பட்டால் நஷ்டம் என்று அன்றைக்கு மனசில் எழுதிக்கொண்டதுதான், இன்றுவரை அழிக்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு அத்தை கையால் பூ வேலை செய்த உறை தைத்தாள். ஆயுத பூஜைக்கு மாமா சந்தனம் குங்குமம் வைத்தார். நல்ல நாளில் பூசினால் போதாதென்று காற்று வெளியேறும் ஓட்டைக்கு நேரே பூசினார். பதினஞ்சு ஆயுத பூஜை அப்படி ஆயிற்று. களம் வீட்டுக்கு எதிரில். அறுப்புக் காலத்தில் சுணை பறந்து வந்து எதில் படியுமோ இல்லையோ, மின்விசிறி இழுத்த இழுப்பில் இதற்குள் நேராகப் போய்ப் படியும்.

கம்ப்யூட்டர் மெக்கானிக், மாமாவிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். இந்தக் கதையில் பாதிச் சிக்கலுக்கு அதுதான் காரணம். வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருப்பான், கூலியும் வாங்கியிருப்பான். குற்றியலுகரம் தெரியாமல் பெஞ்சு மேல் நின்ற பையன், அய்யாவிடம் எப்படி "தூக்கிப் போடுங்க" என்பான்? வருவான். கேபினெட்டைக் கழற்றுவான். ராமை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்வரிசையைத் தேய்த்துத் திரும்பச் செருகுவான். படம் வந்துவிடும். தமிழ்நாட்டில் பாதிக் கம்ப்யூட்டர்கள் இந்த ரப்பர் வைத்தியத்தில்தான் உயிர் வாழ்கின்றன. கூலியாக ஒரு மரக்கால் உளுந்து, அல்லது தோட்டத்து வாழைத்தார். "ராமனைத் தொடச்சு வெச்சான், எல்லாம் சரியாப் போச்சு" என்று மாமா தெருவெல்லாம் சொல்லுவார்.

ஒருமுறை பவர் சப்ளை பெட்டிக்குள் பல்லி புகுந்து, தானும் கருகி அதையும் கருக்கிவிட்டது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் விரிவாகப் போட்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விழுந்தால் என்ன பலன் என்று மாமா தேடிப் பார்த்தார், இல்லை. பலனை மெக்கானிக் சொன்னான்: 900 ரூபாய்.

பிறகு கடிகார பேட்டரி போயிற்று. மதர்போர்டில் ஒற்றை ரூபாய் நாணயம்போல ஒரு 3 வோல்ட் வில்லை இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் பிறந்த நாளுக்கே போய்விடும். மாமா இடிக்குப் பயந்து ராத்திரி பிளக்கை உருவிவிடுகிறவர். அதனால் தினமும் காலையில் அது 2011 ஜனவரி ஒன்றாம் தேதியில் கண் விழிக்கும். பாங்க் இணையதளமெல்லாம் தேதியைப் பார்த்து மிரண்டு உள்ளே விட மறுத்தன. மாமா அதற்குப் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2011 ஜனவரியில் அவர் ஓய்வு பெறவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, மகள் வீட்டில் இருந்தாள். ஐம்பது ரூபாய் பெறாத அந்த வில்லையை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று.

சரி, இத்தனை வருஷத்தில் புதிது வாங்க ஒரு நல்ல காலமே வரவில்லையா என்று கேட்கலாம். மாமாவிடம் கேட்டால் வருஷ வாரியாகச் சொல்வார். 2012-இல் தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. குறுவை போனால் கையில் காசு ஏது? காசு இல்லாத வருஷத்தில் கம்ப்யூட்டர் மாற்றுவார்களா? 2018 நவம்பரில் கஜா புயல். ஒரத்தநாடு பக்கம் இருந்த தென்னந்தோப்பில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. அந்த வருஷம் பேச்சே எடுக்கவில்லை, நியாயமும் கூட. 2020-இல் ஜூன் 12-ஆம் தேதி தவறாமல் திறந்தார்கள், எட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. அப்போது ஊரடங்கு, கடைத்தெரு எப்போது திறக்கும் எப்போது மூடும் என்றே தெரியாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் விட்டுவிட்டார்கள். "திடுதிப்புனு விட்டா விதை வாங்குவனா, கம்ப்யூட்டர் வாங்குவனா?" 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது, குறுவை இல்லை. தண்ணீர் வராவிட்டால் காசு இல்லை; வந்துவிட்டால் நேரம் இல்லை. அணையில் 120 அடி நின்றாலும் சரி, தரை தெரிந்தாலும் சரி, கம்ப்யூட்டர் தப்பித்துக்கொண்டே வந்தது.

இதற்கு நடுவே அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்காரன் விண்டோஸ் 7-க்கு ஆதரவை நிறுத்தினான். நாள் பார்த்தான் பாருங்கள்: 2020 ஜனவரி 14. நம் ஊரில் அன்றைக்குப் போகி. பழசையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்திய மறுநாள், 'இனிமேல் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று திரை முழுக்க ஒரு நீலப் பலகை வந்து நின்றது. மாமா அதைப் பொறுமையாகப் படித்து, மூடிவிட்டு, பானை கழுவப் போனார்.

மகள் சிங்கப்பூரிலிருந்து வாராவாரம் கேட்பாள். 2026 தை மாதம் அவள் கணக்கோடு வந்தாள்.

"அப்பா, நெல்லுலயே சொல்றேன். 2011-ல மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு ஆயிரம். நாப்பது கிலோ மூட்டை நானூறு ரூபா. கம்ப்யூட்டருக்கு நீங்க எத்தனை மூட்டை குடுத்தீங்க? அறுபது. இப்ப கொள்முதல் நிலையத்துல குவிண்டால் 2,500. மூட்டை ஆயிரம். நல்லதா ஒண்ணு 35 ஆயிரம்னாலும் முப்பத்தஞ்சு மூட்டைதான். கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கெடைக்குது."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய பாஷையிலேயே மடக்கிவிட்டாள். பிறகு செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "மூட்டை ஆயிரம்ங்கற. அறுப்பு மெஷினுக்கு மணிக்கு என்ன கேக்கறான் தெரியுமா? ஈரப்பதம் 17-க்கு மேல ஒரு புள்ளி இருந்தா என்ன பாடு படுத்தறான்னு தெரியுமா? மழையில தார்ப்பாய் போட்டுக்கிட்டு ஆறு நாள் காவல் கெடந்த நெல்லும்மா அது. அதுல முப்பத்தஞ்சு மூட்டைய எடுத்து ஒரு பொட்டிக்குள்ள போடச் சொல்றியா?" இதற்கு அவளிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

வெற்றி கிடைத்த சூட்டில் மாமா கல்லணைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் எந்த வாதமும் கடைசியில் கல்லணைக்குத்தான் போகும். "கரிகாலன் கட்டினது. வெள்ளைக்காரன் வந்தான், காட்டன்னு ஒரு இன்ஜினீயர் வந்தான். இடிச்சுட்டா புதுசு கட்டினான்? மணல் போக வழி பண்ணிட்டு, கும்பிட்டுட்டுப் போனான். இன்னிக்கும் தண்ணி அதுலதான் பிரியுது."

சிவில் படித்தவளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அதே காட்டன் 1836-ல முக்கொம்புல கட்டினது என்னாச்சுப்பா? 182 வருஷம் பாத்துப் பாத்து ஒட்டுப் போட்டு வெச்சிருந்தாங்க. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒம்பது மதகு அடிச்சிக்கிட்டுப் போச்சு. அப்புறம் கோடிக்கணக்குல கொட்டி புதுசு கட்டல?"

"182 வருஷம் ஓடிச்சுல்ல? நம்மளது பதினஞ்சுதான் ஆவுது" என்றார் மாமா.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவின் தயக்கம் நியாயமானது. ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்கு, கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தவர்கள் பட்டியல், இருநூறு பக்கத்துக்கு ஊர் வரலாறு, எல்லாம் அதில் வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. அரசு அலுவலகங்களில் கோலோச்சிய எழுத்துரு அது. கோவை செம்மொழி மாநாட்டு வருஷமான 2010-இலேயே அரசாங்கம் யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. மாமாவின் விரல்கள் மாறவில்லை. அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் ஊர் வரலாற்றைத் திறந்தால் தலவிருட்சம், தீர்த்தம், மூலவர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். மகளுடைய மடிக்கணினியில் ஒருமுறை அப்படிப் பார்த்தவர் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க மென்பொருள் இருக்கிறது என்றான் மெக்கானிக். "வல்லினம் மிகும் இடம் அதுக்குத் தெரியுமாடா? உனக்கே தெரியாது."

மாசி மாதம் ஒரு நாள் பழைய இரும்புக்காரர் தெருவில் வந்தார். சும்மா விலை கேட்டு வைப்போம் என்று கூப்பிட்டது அத்தை. அவர் கேபினெட்டைத் தூக்கிப் பார்த்தார், தராசில் வைத்தார். முந்நூற்று ஐம்பது என்றார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "இருபத்து நாலாயிரம்யா இது. டூயல் கோர்." அந்த மனிதர் நிதானமாக, "கோரு இருக்கட்டும் அய்யா, கனம் இல்லியே" என்றார். கூடவே அத்தை தள்ளிவிடப் பார்த்த பழைய ஆட்டுக்கல் இரும்பு இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாமா கேபினெட்டைத் தாமே தூக்கிவந்து மேஜையில் வைத்து, உறையைப் போர்த்தினார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்து, முதன்முறையாக அய்யாவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னான். "அய்யா, போர்டு போனா மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. போர்டு மாறினா ப்ராசசர் பொருந்தாது, ராம் பொருந்தாது, புதுசு வாங்கற மாதிரிதான். ஆனா உங்க போர்டு இன்னும் நல்லாருக்கு. மெதுவா இருக்கறது ஹார்ட் டிஸ்க்கால. உள்ள தட்டு சுத்தி, முள்ளு தேடிப் போய் எடுக்கணும். அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டுடறேன். தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. இருக்கற வானவில், ஊர் வரலாறு எல்லாம் அப்படியே நகலெடுத்துடலாம். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆவும். பாங்க் வேலைய மட்டும் இதுல வெச்சுக்காதீங்க, போன்ல பண்ணிக்குங்க. இன்னும் மூணு நாலு வருஷம் ஓடும்."

"எத்தனை போகம்?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "குறுவை, தாளடி ரெண்டும் சேத்து எட்டு போகம் வெச்சுக்குங்க."

எட்டு போகம் என்றதும் மாமா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கதவோரம் நின்ற அத்தை என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி. மாமா சுவிட்சைத் தட்டிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசற்படி தாண்டவில்லை, பின்னாலிருந்து அந்தப் பழைய ராகம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். திரையில் மகளின் கல்யாணப் படம், பக்கத்தில் வரிசையாகக் கோப்புகள், எல்லாம் தயாராக. இருபது நொடி ஆகியிருக்காது. துண்டோடு அப்படியே நின்றார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஏன்டா, என்னைக் குளிக்கக்கூட விடாது போலருக்கே இது. கொஞ்சம் நிதானமா எந்திரிக்கற மாதிரி வெக்க முடியாதா?"

முடியாது என்றான் அவன். ஆகவே மாமா இப்போதும் ஆறு மணிக்குச் சுவிட்சைத் தட்டுகிறார். ஆற்றுக்குப் போகிறார், திருநீறு பூசுகிறார், காப்பி குடிக்கிறார், மேட்டூர் நீர்மட்டம் வரைக்கும் பேப்பர் படிக்கிறார். கம்ப்யூட்டர் இருபது நொடியில் எழுந்து முகம் கழுவி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அவருக்காகக் காத்திருக்கிறது.