ஊத்துன தண்ணியத் திருப்பி வாங்கு மாப்ள

வாங்க மொதலாளி. இனிமே அப்படித்தான கூப்பிடணும்? எங்க அக்கா மகன் மதுரை கே.கே. நகர்ல சோபா, கார்ப்பெட் கழுவுற கம்பெனி போட்டுட்டான்னு திருமங்கலம் வரைக்கும் பேச்சு வந்துருச்சு. டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், "ஏண்ணே, ஒங்க மாப்ள வீடு வீடாப் போயி நாக்காலியக் குளிப்பாட்டி விடுறாராம்ல?" நான் சொன்னேன், "ஆமப்பா. சனிக்கெழம அவன எண்ணெ தேச்சுக் குளிக்க வைக்கவே எங்க அக்கா வெளக்கமாத்த எடுக்கணும். அவன் போயி ஊரான் வீட்டு நாக்காலியக் குளிப்பாட்டுறான். கலி முத்திருச்சு."

கோவிச்சுக்காத. மாமன் கேலி பேசாம வேற யாரு பேசுவா? நானும் ஒரு கல்யாண மண்டபத்துல பதினெட்டு வருசம் வாட்ச்மேனா கெடந்தவன். பொண்ணும் மாப்ளயும் நடந்து போற செவப்புக் கார்ப்பெட்ட விரிச்சது, சுருட்டுனது, அதுல கொட்டுன ரசத்த ஒத்தியெடுத்தது எல்லாம் இந்தக் கைதான். அதனால ரெண்டு வார்த்த கேட்டுக்க. பீஸ் வேணாம். ஒரு டீ வாங்கிக் குடு, போதும்.

போன மாசம் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? வாசல்ல எறங்குனதும் நீ பாத்த வேல என்ன? வீட்டம்மா பாக்குறாங்கன்னு மெஷின ஜோராச் சுத்த விட்டு, தண்ணியப் பீச்சி அடிச்ச. அடப்பாவி! எங்க ஊரு கரிசலப் பாத்திருக்கேல்ல. காஞ்சு கெடந்தா ஊதுனாப் பறக்கும். நனைஞ்சுச்சுன்னா கால் செருப்பப் புடுங்கி வச்சுக்கிரும். அந்தச் சோபா இடுக்குல கெடந்தது பூராம் காஞ்ச பொடி. வேக்கும் மெஷின வச்சுப் பைய இழுத்திருந்தா அம்புட்டும் வந்திருக்கும். நீ தண்ணி ஊத்தி நாத்தங்கால் ஆக்கிட்ட. இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தா நானே எறங்கி நட்டிருப்பேன்.

தூசின்னா அழுக்குன்னு மட்டும் நெனைக்காத. பொடி மணலு கார்ப்பெட்டு நூலோட அடியில போயி உக்காந்துக்கிட்டு, மேல ஆள் நடக்க நடக்க அரம் மாதிரி நூல அறுக்கும். கார்ப்பெட்டு வாசப்படிகிட்ட மட்டும் மொட்டையாகிப் போறது அதுனாலதான். இந்தத் தூசிய மெஷின் வச்சு உறிஞ்சணும்னு லண்டன்ல ஹூபர்ட் செசில் பூத்னு ஒரு இஞ்சினியருக்கு மண்டையில உதிச்சுச்சு. அந்தாளு என்ன பண்ணுனான் தெரியுமா? ஓட்டல் நாக்காலி மெத்தையில கைக்குட்டையப் போட்டு, வாய வச்சு உறிஞ்சிப் பாத்தான். மூச்சு முட்டிப் போச்சு. ஆனா கைக்குட்டையத் திருப்பிப் பாத்தா அடியில அழுக்கு வட்டமா நிக்குது. 1901-ல மெஷின் செஞ்சுட்டான். குதிர வண்டியில வச்சு இழுத்துக்கிட்டு வந்து, தெருவுல நிப்பாட்டி, சன்னல் வழியாக் குழாய விட்டு உறிஞ்சுவாங்களாம். 1902-ல ஏழாம் எட்வர்டு பட்டாபிசேகத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேல விரிச்ச கார்ப்பெட்டையும் அந்த மெஷினுதான் சுத்தம் பண்ணுச்சு. ராசா வீட்டு வேலைக்கே மொதல்ல தூசிதான் எடுத்திருக்காங்க. நீ கே.கே. நகர்ல எடுத்த எடுப்புல தண்ணி ஊத்துற.

சரி, அதாவது போகட்டும். அடுத்து ஒண்ணு பண்ணுன பாரு, அத நான் சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பேன். கைப்பிடியில ஒரு மஞ்சக் கற. சாம்பார்னு அந்தம்மா சொன்னாங்க. நீ காட்டமான சோப்புத் தண்ணிய எடுத்து அழுத்தித் தேச்ச. மஞ்சளா இருந்த கற செவசெவன்னு ஆயிருச்சு. அந்தம்மா "அய்யய்யோ, கையக் கிய்ய வெட்டிக்கிட்டீங்களா தம்பி?"ன்னு பதறிப் போச்சு. ஒன் மூஞ்சி இருந்த இருப்பு! கெமிஸ்ட்ரி படிச்ச பய. ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஏன்டா செவக்குது? சுண்ணாம்பு காரம். சோப்பும் காரம். மஞ்சளுக்குக் காரம் பட்டா செவக்கும். எங்க ஆத்தா பள்ளிக்கூடமே போகல, அதுக்குத் தெரியும். அன்னைக்கு வினிகர் ரெண்டு சொட்ட நான் தண்ணியில கலந்து ஒத்தி எடுத்தேன். செவப்பு எறங்கித் திரும்ப மஞ்சளாச்சு. மிச்சத்த வெயில் பாத்துக்கிரும்னு மெத்தை உறையக் கழட்டி மொட்டமாடியில போடச் சொன்னேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, வெளுத்துரும். சோபாச் சாயமும் சேந்து வெளுக்காம பாத்துக்க, அம்புட்டுத்தான். நம்ம மதுரை வெயிலு ஓசியில குடுக்குற மருந்து. அதுக்கு ஒன்னால பில்லுப் போட முடியாதுங்கிறதுதான் ஒனக்கு வருத்தம்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒன் விசிட்டிங் கார்டுல 'ஸ்டீம் கிளீனிங்'னு போட்டிருக்க. ஆவி எங்கடா வந்துச்சு? வெந்நீர பீச்சி, ஒடனே உறிஞ்சுற. அது வெந்நீர் வேல. நெசமான ஆவி வேல பாக்கணும்னா அந்தக் காலத்து வெள்ளாவியப் பாத்திருக்கணும். வைகையில தண்ணி ஓடுனதுன்னு நான் சொன்னா நீ நம்ப மாட்ட, ஆனா ஓடுச்சு. உவர்மண்ணக் கரைச்சு துணிய முக்கி, சாலு மேல அடுக்கி, அடியில தீய மூட்டி ராத்திரி பூராம் வேக விடுவாங்க. விடியக்காலம் ஆத்துக்குக் கொண்டுபோயிக் கல்லுல அடிச்சு அலசி, மணல்ல காயப் போடுவாங்க. வைகை அணை தெறந்த அதே 1959-ல, ஜெர்மனியில ஹென்கெல் கம்பெனியில ஹெர்பர்ட் சின்னர்னு ஒருத்தரு ஒரு வட்டம் போட்டாரு. எந்த அழுக்கையும் எடுக்க நாலு வேணும்: மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். ஒண்ணக் கொறைச்சா மத்ததக் கூட்டிக்கணும். அம்புட்டுத்தான் வட்டம். இங்க உவர்மண்ணு மருந்து, வெள்ளாவி சூடு, கல்லு தேய்ப்பு, ராத்திரி நேரம். வைகை மணல்ல வட்டம் போட ஆள் இருந்துச்சு. காகிதம்தான் இல்ல.

ஒன்கிட்டப் பிரச்சினை நாலாவதுலதான். நேரம் குடுக்க மாட்டேங்கிற. மருந்த அடிச்ச மறுநிமிசம் தேய்க்கிற. பத்து நிமிசம் ஊற விடு. சாயுற எடத்துல தலையெண்ணெ ஏறியிருக்கே, அது வெறுந்தண்ணிக்கு அசையாது. வெள்ளக்காரன் வீட்லயும் இதே தொல்லதான். போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல மக்காசர் எண்ணெயின்னு தலையில தடவிக்கிட்டுச் சோபால சாஞ்சான். மக்காசருங்கிறது இந்தோனேசியாவுல ஒரு துறைமுகம். அவன் வீட்டுப் பொம்பளைக சாயுற எடத்துல ஒரு துணியப் போட்டு, அதுக்கு 'ஆன்டிமக்காசர்'னு பேரு வச்சாங்க. நம்ம தோள்துண்டுக்கு இம்புட்டுப் பெரிய பேரு இருக்குன்னு தெரிஞ்சப்பத்தான் எனக்கே என் துண்டு மேல மரியாத வந்துச்சு.

பானெட்டுன்னு ஒரு மெஷினும் வச்சிருக்க, துணிப்பட்டையக் கட்டிச் சுத்த விடுற ரகம். மேலாப்ல பளபளன்னு ஆயிரும், அடியில அழுக்கு அப்படியே கெடக்கும். மூஞ்சி கழுவாம பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குப் போற கத. நாளைக்கு விசேஷம், இன்னைக்கு ராத்திரி அவசரம்னா அதச் செய். அதுக்குப் பெறகு புதுசா வந்துருக்கே பாலிமர் மருந்து, அது பரவால்ல. கடலைக்குப் பாகு ஊத்துற மாதிரி அழுக்கச் சுத்திப் பிடிச்சுக் காஞ்சு பொடியாகுது, வேக்கும்ல இழுத்துக்கலாம். தண்ணி கொறவு. ஆபீஸ் கார்ப்பெட்டுக்குத் தோதுப்படும்.

கம்பளியும் பட்டும் வந்தாக் கைய எடுத்துரு. ஆட்டு ரோமமும் ஒன் தலமயிரும் ஒரே வம்சம். தலைக்குத் துணி சோப்பு போடுவியா? கம்பளிக்கும் காட்டச் சோப்புப் போடாத. வெல்வெட்டுன்னா மொதல்ல சோபாவுக்குப் பின்னாடி, செவத்தப் பாத்த பக்கம், ஈர வெள்ளத் துணியால தேச்சுப் பாரு. சாயம் துணியில ஏறுச்சுன்னா, "அம்மா, இதுக்கு எங்க பெரிய மெஷின் வரணும்"னு சொல்லிட்டு நழுவிரு. கம்பெனிச் சோபான்னா அடியில ஒரு எழுத்து போட்டிருப்பான். டபிள்யூன்னா தண்ணி ஆகும், எஸ்ஸுன்னா கெமிக்கல் மட்டும், எக்ஸ்ஸுன்னா வேக்கும் தவிர எதுவும் ஆகாது. நம்ம ஊர்ல டெய்லர் தச்ச சோபாவுல எழுத்தும் கெடையாது, எலிப் புழுக்கைதான் கெடைக்கும்.

இப்ப முக்கியமான சங்கதி. நீ மெஷின் வெல பேசும்போது தண்ணி எம்புட்டு வேகமாப் பீச்சுதுன்னு கேட்டியாம். கேக்க வேண்டியது, எம்புட்டுத் தண்ணியத் திருப்பி இழுக்குதுன்னு. உள்ள ஸ்பாஞ்சு தண்ணியக் குடிச்சுட்டாக் கக்காது. மூணாம் நாளு அந்த வீட்ல முடை நாத்தம் அடிக்கும், நாய் படுத்திருந்துச்சோன்னு தேடுவாங்க. அழுக்கும் காயக் காய அடியிலருந்து மேல ஏறி, போன கற திரும்ப வந்து நிக்கும். பேய் ஓட்டுனவனே பேயக் கூட்டியாந்த மாதிரி. ஒரு தடவ பீச்சுனா ரெண்டு மூணு தடவ வெறுமன இழு. பெறகு பேனு, புளோயரு எல்லாத்தையும் போட்டுக் காய வை. சோப்பயும் மிச்சம் வைக்காத. பிசுபிசுன்னு ஒட்டி நின்னு ஊர்த் தூசிய எல்லாம் விருந்துக்குக் கூப்பிடும். போர்த் தண்ணி உப்புன்னா இன்னும் மோசம். அலசுற தண்ணிய நல்ல தண்ணியா எடுத்துக்கிட்டுப் போ.

இழுத்த டேங்கத் தெறந்து அந்தக் கறுப்புத் தண்ணிய வீட்டம்மா முன்னாடி ஒரு பக்கெட்டுல ஊத்திக் காட்டிட்டு, அப்புறமா பில்லக் குடு. அதுக்குப் பெறகு பேரம் பேச வாய் வராது. இந்த யோசனைக்கு மட்டும் ஒரு டீ பத்தாது, வடையும் வேணும்.

நம்ம பவானி ஜமுக்காளத்துக்கு இந்தத் தொல்ல எதுவும் கெடையாது. கண்மாயில முக்கி, நாலு பேரு புடிச்சு முறுக்கி, கருவேல மரத்துல போட்டா மத்தியானம் காஞ்சுரும். ஆனா அதச் சொன்னா ஒன் தொழில் படுத்துரும், நான் சொல்லல.

ஐப்பசியும் கார்த்திகையும் மழ. சோபா காயாது, கூப்பிடவும் மாட்டாங்க. டேங்கக் கழுவிக் கவுத்துப் போட்டுட்டு ஊருக்கு வா. பருத்திக்குக் களையெடுக்க ஆள் கெடைக்கல. வரும்போது அந்த வேக்கும் மெஷின மட்டும் எடுத்துக்கிட்டு வா, என் கட்டிலுக்கடியில பதினெட்டு வருசத் தூசி கெடக்கு.