ஏற்றியாச்சு!

ஆண்டுக்கு ஆறு நாள் எங்கள் ஊர் மரத்தடியில் ஜனநாயகம் எழுந்தருளும். கிராமசபை என்று பெயர். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வந்ததோ நாற்பது பேர். மீதி அறுபது பேரைக் கையெழுத்து நோட்டே வீடு வீடாகப் போய்ச் சபைக்குக் கூட்டிவந்துவிடும்.

"தெருவிளக்கு எப்பய்யா எரியும்?" என்றார் ஒரு பாட்டி.

"தீர்மானத்துல ஏத்தியாச்சு ஆத்தா," என்றார் செயலர்.

"போன தடவையும் அதுலதான ஏத்துனீங்க? ஒரு தடவை கம்பத்துல ஏத்திப் பாருங்களேன்!"

ஏற்றலாம்தான். பல்பு வாங்கக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆறு மாதமாகிறது. ஆனாலும் பாட்டியின் யோசனையைச் சபை அலட்சியப்படுத்தவில்லை. அதையும் தீர்மானத்தில் ஏற்றிவிட்டது.