அண்ணாச்சி மனு தாக்கல் செய்கிறார்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில் அண்ணாச்சி பீரோவைத் திறந்து வெள்ளை வேட்டியை எடுப்பார். பலசரக்குக் கடைக்கு அவருக்குச் சாரமே போதும். வேட்டியைக் கண்டதும் வீட்டு ஆச்சிக்கு விளங்கிவிடும்: மனுசன் இந்தத் தடவையும் நிற்கப் போகிறார்.

தெற்கத்திச் சிற்றூர்களில் இப்படி ஊருக்கு ஒருவர் உண்டு. கட்சி கிடையாது, கொடி கிடையாது. "மக்கள் ரொம்ப வற்புறுத்துதாங்க" என்பார். எந்த மக்கள் என்று கேட்டால் கடை வாசல் பெஞ்சைக் கைகாட்டுவார். அங்கே இரண்டு பேர் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வேலை ஆள் பிடிப்பது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருக்கும் அதே தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். அண்ணாச்சி வாக்காளர் பட்டியலைத் தேட மாட்டார். கடையின் பற்று நோட்டைப் புரட்டுவார். "ஒரு கையெழுத்துதானடே, சொத்தையா எழுதிக் கேக்கேன்?" மூன்று மாதப் பாக்கி வைத்திருப்பவன் எப்படி மறுப்பான்?

இந்தப் பத்துப் பேர் தொல்லைக்கு அண்ணாச்சி கோபப்பட வேண்டியது மொடக்குறிச்சியிடம். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர், தங்கள் குறை யார் காதிலும் விழவில்லை என்று மனு போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அதில் 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, பத்துப் பேர் விதி வந்தது. 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, இன்று 10,000.

அந்தப் பத்தாயிரத்தைத்தான் அண்ணாச்சி சில்லறையாகவே மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுபோவார். கடைக்காரருக்கு நாணயத்துக்கா பஞ்சம்? ஆனால் காரணம் அதுவல்ல. நோட்டாகக் கட்டியவன் படம் எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது? அலுவலர்கள் வியர்க்க வியர்க்க எண்ணுவதும், பக்கத்தில் அண்ணாச்சி கும்பிட்டபடி நிற்பதும் மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் வந்துவிடும். பாதித் தேர்தல் அன்றே முடிந்தது.

இடைஞ்சல் படிவம் 26-இல் இருக்கிறது. சொத்து, கடன், மனைவியின் நகை எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது. அண்ணாச்சி உண்மையைத்தான் எழுதினார். தேர்தல் ஆணையம் அதை ஊரறிய வெளியிட்டது. தன் ரெட்டைவடச் சங்கிலி வங்கியில் அடகில் இருக்கும் சேதி ஆச்சிக்குத் தெரிந்தது அப்படித்தான்.

சின்னம் கேட்கும்போது அவர் மனம் குக்கரில் நிற்கும். 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக நின்று ஜெயித்தது அதில்தானே! கிடைத்ததோ வாளி. கையில் வெறும் வாளியுடன் வீதிக்குள் நுழைந்தால் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "தண்ணி எத்தன மணிக்கு விடுவாங்க?" என்கிறார்கள். நகராட்சி ஆள் இல்லை, வேட்பாளர் என்று விளக்குவதற்குள் பிரசார நேரம் போய்விடுகிறது.

அவருடைய குலதெய்வம் மேட்டூரில் டயர்க் கடை வைத்திருக்கும் பத்மராஜன். 1988-இல் தொடங்கி இருநூறு தடவைக்கு மேல் நின்று, அத்தனையிலும் தோற்று, 'தேர்தல் மன்னன்' ஆனவர். 2011-இல் மேட்டூரில் அவருக்கு 6,273 ஓட்டு விழுந்தது. அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சியின் குரலில் லேசாகப் பொறாமை தட்டும்.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சிக்காரர்கள் பெயர் முதலில், சுயேச்சைகள் கடைசியில். ஒரு பெட்டியில் 16 பொத்தான்தான் இருக்கும். 2021-இல் கரூரில் 77 பேர் நின்றதால் ஐந்து பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று. நம்மவர் தொகுதியில் அவர் பெயர் மூன்றாவது பெட்டியில், கீழிருந்து நாலாவது. ஆனாலும் முதல் பெட்டியில் இருப்பவருக்குக் கொடுத்த அதே அளவுப் படம், அதே நீலப் பொத்தான். அண்ணாச்சி தன் ஓட்டைப் போடப் போனவர், பொத்தானை அமுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை சத்தம் போட்டது.

டெபாசிட்டைக் காப்பாற்ற, பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். அண்ணாச்சிக்கு மொத்தம் 143. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வாக்குச்சாவடி வாரியான கணக்கை வாங்கிவந்து சொந்தச் சாவடியைப் பார்த்தார். முன்மொழிந்தவர்கள் பத்து, தான் ஒன்று, ஆச்சி ஒன்று. பன்னிரண்டு வர வேண்டும். வந்திருந்தது ஒன்பது. பற்று நோட்டை எடுத்துப் பத்துப் பெயரையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஆச்சி நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், மூன்று ஆண்டு வரை போட்டியிட முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். கரண்டு பில்லை ஒருநாளும் தவணைக்குள் கட்டியிராத அண்ணாச்சி, நாலாம் நாளே டீ, ஆட்டோ, மைக்செட் ரசீதுகளைக் கோத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். அலுவலகம் இன்னும் திறந்திருக்கவில்லை.