குருவுக்குப் புலி, எனக்குக் குதிரை

பூடானில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் இந்தியர்கள் ஆளுக்கு 1,200 ரூபாய் அந்த நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு 100 டாலர் என்று சொல்லி மனைவி என்னைத் தேற்றினாள். தேறவில்லை. மணிக்கு 50 ரூபாய்! குறட்டை விட்டாலும் மீட்டர் ஓடும். அதனால் விடிவதற்குள் எழுந்து கோயில்களுக்குக் கிளம்புவது என்று முடிவானது. முடிவெடுத்தவள் அவள், வழிமொழிந்த பெருமை என்னுடையது.

பாரோவில் முதலில் கிச்சு லாகாங். ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் கம்போ கட்டியதாக ஐதிகம். இமயமலை நெடுக மல்லாந்து கிடந்த ஓர் அரக்கியை அசையவிடாமல் அடக்க 108 கோயில்களை எழுப்பினாராம். அவளுடைய இடது பாதத்தின் மேல்தான் கிச்சு நிற்கிறதாம். கைடு இதைச் சொன்னபோது மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் மல்லாந்து கிடக்கும் ஒரு ஜீவனை அசைய வைக்கவே 108 தடவை கத்த வேண்டியிருக்கிறது. அசையாமல் கிடக்க எதற்குக் கோயில் என்று யோசித்திருப்பாள்.

அடுத்து தக்சாங் மடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் பறந்து வந்து இறங்கிய குகை அங்கேதான். 1692இல் கோயில் கட்டினார்கள்; 1998இல் தீக்கிரையானதை விடாப்பிடியாக மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

குருவுக்குப் புலி வாய்த்தது. எனக்குக் குதிரை, அதுவும் பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிச் சாலை வரைக்கும்தான். பாதை அகலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குதிரைக்குப் பள்ளத்தை ஒட்டிய விளிம்புதான் பிடித்தது. நான் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியாயிற்றா என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். மனைவி நடந்தே வந்து எனக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் நடை. ஒரு திருப்பத்தில் மடம் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்கு நேராக வந்து நின்றது. “வந்துட்டோம்!” என்றேன். “இல்ல சார்” என்று கைடு கீழே காட்டினார். நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவிப் பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். கட்டியவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம்.

வாசலில் செருப்பு, பை, கேமரா, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வெண்ணெய் விளக்குகளின் வாடை. குரு இங்கே மூன்று வருடம், மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், மூன்று மணி நேரம் தியானம் செய்தாராம். நானும் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது, வலது கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவியது.

துறவி ஒருவர் கெண்டியிலிருந்து உள்ளங்கையில் குங்குமப்பூ மணக்கும் தீர்த்தம் வார்த்தார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். பெருமாள் கோயில் பழக்கம் என்பதால் இதில் மட்டும் தடுமாறவில்லை. ஆனால் என் தலையில் வழிமறிக்க முடி ஏது? தீர்த்தம் நேராக முதுகுக்குள் இறங்கிவிட்டது.

இறக்கத்துக்குக் குதிரை கிடையாது. காலைப் பக்கவாட்டில் வைத்து நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, என்னைச் சுமந்து வந்த அதே குதிரை காலி முதுகோடு என்னைத் தாண்டிப் போனது.

“ஏங்க, கொஞ்சம் ஒதுங்குங்க, பாவம் அது களைச்சுப் போயிருக்கும்” என்றாள் மனைவி.