டிராயரில் இல்லை

"ஏங்க, டிவி ஸ்டாண்டு டிராயர்ல கத்தரிக்கோல் இருக்கு, எடுத்துட்டு வாங்க." கூரியர் பார்சலின் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே மனைவி சொன்னாள்.

"அங்க இல்லை" என்றேன், சோபாவை விட்டு எழாமல்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். இது தொழில். லினக்ஸ் கர்னல் கோப்புகளைத் தேடும் வேகத்தைக் கூட்டித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

'/வீடு/ஹால்/டிராயர்/கத்தரிக்கோல்' என்று கேட்டால் கர்னல் வாசலிலிருந்து ஒவ்வொரு படியாக உள்ளே போகும். ஒவ்வொரு படியிலும் டிஸ்க்கைத் தட்டி எழுப்பினால் விடிந்துவிடும். அதற்காகத்தான் 'டென்ட்ரி கேஷ்' என்று ஒரு ஞாபகக் கிடங்கு. எந்த அடைவுக்குள், என்ன பெயர் என்ற இரண்டையும் கலந்து ஓர் எண் பிடித்து, ஹாஷ் அட்டவணையில் நேராக அந்தப் பெட்டியைத் திறக்கும். 2011-இல் வந்த 2.6.38 பதிப்பிலிருந்து, பெரும்பாலும் வழியில் எந்தப் பூட்டையும் தொடாமலே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் இந்தக் கிடங்கு முழுவதும் ஒரே தலைக்குள் இருக்கிறது. ரேஷன் கார்டு, பெருங்காய டப்பா, என் பான் கார்டு எல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

என் தலையில் இருப்பது வேறு சரக்கு. கர்னல் இல்லாததையும் குறித்து வைக்கும். அதன் பெயர் 'நெகட்டிவ் டென்ட்ரி'. ஷெல்லில் ஒரு கட்டளையை அடித்தால் நாலைந்து அடைவுகளில் வரிசையாகத் தேட வேண்டியிருக்கும். பல இடங்களில் இருக்காது. அந்த 'இல்லை'யையும் எழுதி வைத்துக்கொண்டால், மறுமுறை டிஸ்க் வரை போய் ஏமாற வேண்டாம். கத்தரிக்கோல் எங்கே என்று எனக்குத் தெரியாது. எங்கெல்லாம் இல்லை என்று கேளுங்கள், ஒப்பிக்கிறேன்.

ஒரு சின்ன வித்தியாசம். அந்தப் பெயரில் ஒரு கோப்பு உருவானால், கர்னலில் அப்போதே 'இல்லை' மாறி 'இருக்கு' ஆகிவிடும். ஏனென்றால் உருவாக்குவதே கர்னல் வழியாகத்தான். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் என் வழியாக நகர்வதில்லை. ஆகவே போன மார்ச்சில் டிராயரில் இல்லாத கத்தரிக்கோல், என் கணக்கில் இன்றும் இல்லை.

இதைச் சரிசெய்ய ஒருமுறை எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினேன். ஒரு வாரத்தில் 'கடுகு' டப்பாவில் வெந்தயம், 'வெந்தயம்' டப்பாவில் பையனின் நட்டு போல்ட்டு. தேடுவதைவிட லேபிளை மாற்றி ஒட்டுவது பெரிய வேலையாயிற்று. கர்னல்காரர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. ஐபிவி4 பாக்கெட்டுகளின் வழித்தடங்களுக்கென்று ஒரு கேஷ் வைத்திருந்தார்கள். வெளியாள் யாரோ கண்ட முகவரிக்கெல்லாம் பாக்கெட் அனுப்பியே அதை வீங்கவைக்க முடிந்தது. 2012-இல் 3.6 பதிப்பில் அதையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். நானும் லேபிள்களை உரித்தேன். பசை மட்டும் போகவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோப்பு அடுத்த மெஷினில் இருந்தால், என்எஃப்எஸ்ஸில் போல, கர்னல் தன் ஞாபகத்தை முழுக்க நம்பாது. "நான் நினைப்பது இன்னும் சரிதானா?" என்று அவ்வப்போது சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டு சர்வர் இப்போது இடுப்பில் கைவைத்து நின்றது.

"எழுந்து போய்த் திறந்து பாருங்க."

திறந்தேன். செத்த பேட்டரி இரண்டு, ரப்பர் பேண்டு உருண்டை, எந்த டிவிக்கும் சேராத ரிமோட். அவற்றின்மேல் காலை அகட்டிக்கொண்டு கத்தரிக்கோல். கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்சலைப் பிரித்ததும், "எடுத்த இடத்துலயே வச்சுடுங்க" என்று திருப்பித் தந்தாள். பாதி வழியில் போன் வந்தது.

சாயங்காலம் பையனுக்குச் சார்ட் பேப்பர் வெட்ட வேண்டும். அவள் நேரே போய் டிராயரைத் திறந்தாள். துழாவினாள். பேட்டரி உருளும் சத்தம் கேட்டது.

"ஏங்க, கத்தரிக்கோல் எங்க?"

"டிராயர்ல இல்லை" என்றேன்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தப் பதில் சரியாக இருந்தது அன்றுதான்.