அஞ்சு வாட் அவதாரம்

எலெக்ட்ரிக் கிட்டார் உலகம் கையெடுத்துக் கும்பிடும் லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மனிதர், வேலை போனதும் 1938-ல் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். கணக்குப்பிள்ளை புத்தியும் மெக்கானிக் கையும் சேர்ந்தால் என்ன பிறக்கும்? கத்துக்குட்டிகள் தலையில் கட்டுவதற்கு ஒரு மலிவு ஆம்ப்ளிஃபயர் பெட்டி பிறக்கும்.

1948-ல் பிறந்தது. பெயர் மட்டும் பந்தாவாக ‘சாம்பியன்’. பிறகு ‘சாம்ப்’ என்று சுருங்கியது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் டுவீட் துணி போர்த்திக்கொண்டு வந்த மாடலைத் திறந்தால் உள்ளே மூன்றே கண்ணாடி வால்வுகள். கிட்டாரின் முனகலைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரைத் தள்ள ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. ஸ்பீக்கர் எட்டு இன்ச். திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ். பாஸ், ட்ரெபிள் என்ற ஆடம்பரமெல்லாம் கிடையாது. சத்தம் வேண்டுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா, அதோடு சரி. வெளிவருவது ஐந்து வாட்ஸ் சொச்சம். நம் வீட்டுப் பழைய ‘ஜீரோ வாட்’ பல்பே இதைவிட அதிகம் எரித்துவிடும்.

ஆனால் அந்தக் குமிழில் எண்கள் பன்னிரண்டு வரை உண்டு. 1984-ல் ‘ஸ்பைனல் டாப்’ படத்தில் ‘எங்கள் ஆம்ப் பதினொன்று வரை போகும்’ என்று ஒருவர் பீற்றிக்கொள்ள, உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. கத்துக்குட்டிப் பெட்டி கால் நூற்றாண்டுக்கு முன்பே அவரைத் தாண்டிப் போயிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

லியோவுக்குப் பிடித்தது கண்ணாடிபோல் தெளிந்த ஒலி. குமிழைப் பாதிக்கு மேல் திருகினால் 6வி6 மூச்சு வாங்கும். ஒலியலையின் தலை மழுங்கும். பாடப்புத்தகம் இதற்கு வைத்த பெயர் டிஸ்டார்ஷன், அதாவது கோளாறு. ஆனால் வால்வு வெடுக்கென்று வெட்டாமல் மெதுவாக வளைக்கிற ஜாதி. வாசித்த ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியையும் சத்தமில்லாமல் சேர்த்துக் கொடுத்துவிடும். லியோவின் கோளாறு வாசிப்பவனுக்குக் கொண்டாட்டம்.

கோளாறின் ருசி கண்டவர்கள் செய்த அட்டூழியங்கள் கொஞ்சமல்ல. 1951-ல் ‘ராக்கெட் 88’ பாட்டின் பதிவுக்காக மெம்ஃபிஸ் போகும் வழியில் கிட்டார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டது. கார் மேலிருந்து விழுந்தது என்று ஒரு கட்சி, மழையில் நனைந்தது என்று இன்னொரு கட்சி. ஸ்டூடியோ முதலாளி சாம் ஃபிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. விபத்துக்காகக் காத்திருக்க இன்னொரு கிட்டார்காரர் லிங்க் ரேவுக்குப் பொறுமை இல்லை. தானே பென்சிலால் ஸ்பீக்கரைக் குத்தி ஓட்டை போட்டார். 1958-ல் வந்த அவருடைய ‘ரம்பிள்’ சில ரேடியோ நிலையங்களில் தடை செய்யப்பட்டது. அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்பதுதான் வேடிக்கை. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு பச்சை நிறக் குட்டி ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். ஹிட்.

இதற்கிடையே எல்லோருக்கும் புத்தி கெட்டது. டிரம்ஸ் கடைக்காரர் ஜிம் மார்ஷல் 1962-ல் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துத் தானும் ஒன்று செய்யத் தொடங்கினார். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ‘இன்னும் சத்தம், இன்னும் சத்தம்’ என்று நச்சரித்து நூறு வாட்ஸ் வரை இழுத்துவந்தார். இதில் யாரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு: சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஐந்து போய் நூறு வந்தாலும் காதுக்குக் கிடைப்பது இரண்டரை மடங்குதான்; இடுப்புவலி முழுவதும் மூட்டை தூக்கியவர்களுக்கு. 1976-ல் லண்டன் சார்ல்ட்டன் மைதானத்தில் தி ஹூ 126 டெசிபெல் காட்டி கின்னஸில் ஏறியது. டவுன்ஷெண்டின் காதில் இன்னும் ரீங்காரம். கின்னஸ்காரர்கள் பிற்பாடு அந்தச் சாதனைப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எரிக் கிளாப்டன், க்ரீம் குழுவில் மார்ஷல் மலைகளுக்கு முன் நின்று ஓய்ந்தவர், 1970-ல் மயாமி ஸ்டூடியோவில் ‘லைலா’ ஆல்பத்துக்குக் குட்டி சாம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக்குக்கு வாட்ஸ் எண்ணத் தெரியாது. நூறு வாட்ஸ் பெட்டி மூச்சு வாங்குவதற்குள் தெருவே திரண்டு வந்துவிடும்; சாம்ப்போ சீக்கிரமே கையைத் தூக்கிவிடும். பெயர் சாம்பியன், மகிமையெல்லாம் தோற்பதில்.

தோற்கவும் வால்வு வேண்டுமே! அமெரிக்கா அதைச் செய்வதை ஏறக்குறைய கைகழுவிவிட்டது. கணிசமான பங்கு வருவது ரஷ்யாவின் சரத்தோவ் நகரிலிருந்து. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், சுத்த அமெரிக்க ஒலி என்று மார்தட்டியவர்கள் வோல்கா நதிக்கரையிலிருந்து பார்சல் வருமா என்று வெளியுறவுச் செய்திகளை வரிவிடாமல் படித்தார்கள். கொஞ்ச நாளில் வழி பிறந்தது. அதற்குள் விலை ஏறிவிட்டது. அது மட்டும் குமிழைத் திருகி இறக்குகிற சமாச்சாரமாக இல்லை.